இரண்டு குட்டி கேமராவில் எதை எடுப்பது?

தங்கை மகள் கேட்டாளென்று பழைய கேமரா கடைக்குப் போனேன். கையில் வந்தவை இரண்டு: சோனி டபிள்யூ830, கேனான் இக்ஸஸ் 185. விவரங்களைப் படித்தால் இரட்டைப் பிள்ளைகள்தான். இரண்டும் 20 மெகாபிக்சல், 8 மடங்கு ஜூம், 720 வீடியோ. படத்தைப் பதிக்கும் சென்சார் சில்லின் அளவும் ஒன்றே. ஆகவே மெகாபிக்சலை மறந்துவிடுங்கள்.

பார்க்க வேண்டியது கை நடுக்கத்தை. சோனியில் லென்ஸுக்குள்ளேயே அதைச் சமாளிக்கும் அமைப்பு உண்டு. இக்ஸஸ் 185இல் கிடையாது. சோதிப்பது சுலபம். உங்கள் மெமரி கார்டைக் கொண்டுபோங்கள். கடையின் டியூப்லைட்டில், ஃபிளாஷை அணைத்து, ஜூமை முழுக்க இழுத்து, எதிர்ச் சுவர் காலண்டரை ஒவ்வொன்றிலும் ஐந்து முறை எடுங்கள். கேமராவின் திரையை நம்பாதீர்கள், அதில் எல்லாமே அழகுதான். கணினியில் முழு அளவில் திறந்து, ராகு காலம் என்ற பொடி எழுத்து படிக்க வருகிறதா பாருங்கள். எனக்கு சோனியில் நான்கு தேறின, கேனானில் ஒன்று.

சின்ன ஹாலில் குடும்பப் படம் எடுப்பவர்களுக்கு இன்னொன்று: லென்ஸின் பார்வை சோனியில் 25 மி.மீ.யில் தொடங்குகிறது, கேனானில் 28இல். எண் சிறியதானால் படத்தில் அகலம் அதிகம். ஓரத்தில் நிற்கும் சித்தப்பா தப்புவது சோனியில்தான். சார்ஜ் போடுவது மட்டும் கேனானில் வசதி. பேட்டரியைக் கழற்றித் தனி சார்ஜரில் போடலாம்.

அப்புறம், பழைய கேமரா என்பதால் வெள்ளைச் சுவரையும் ஒரு படம் எடுங்கள். முன்பொரு முறை இதைச் செய்யாமல் வாங்கி, இரண்டு வருடம் எல்லாப் படத்திலும் இடது மூலையில் ஒரு கறுப்புப் புள்ளியோடு குடித்தனம் நடத்தினேன்.