கைதியும் காவலனும்: '3:10 டு யூமா'வைப் பார்க்கும் விதம்

முதலில் 1957 படத்தைப் பாருங்கள், டெல்மர் டேவ்ஸ் இயக்கியது. பிடிபட்ட கொள்ளையனை, யூமா சிறைக்குக் கொண்டுபோகும் 3:10 ரயிலில் ஏற்றும்வரை காவல் காக்கும் கதை. நண்பர்களுக்குப் போட்டுக் காட்டும்போது, ஹோட்டல் அறைக் காட்சி வந்ததும் போனைப் பிடுங்கி வைத்துவிடுவேன். கொள்ளையன் வேட், அதாவது கிளென் ஃபோர்டு, கட்டிலில் சாய்ந்தபடி, தன்னை விட்டுவிடத் தருவதாகச் சொல்லும் தொகையை ஏற்றிக்கொண்டே போவான். வறட்சியில் நொடிந்து 200 டாலருக்காகக் காவலுக்கு வந்த பண்ணைக்காரர் இவான்ஸின் முகத்தைக் கவனியுங்கள். ஆசை இல்லாமல் இல்லை! அப்புறம், கைதியைச் சுட ஒருவன் வருகிறான், இவான்ஸ்தான் தடுக்கிறார். கணக்கு அங்கேதான் மாறுகிறது.

கடைசியில் வேட் ரயிலேறுவதைக் கடனடைப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். யூமாவிலிருந்து முன்பே தப்பியவன் அவன். திருந்திவிட்டான் என்று நான் நம்பவில்லை. 2007 மறுஆக்கம் அப்புறம் போதும். அதில் இவான்ஸின் மகனும் கூடவே வருவதால் இருவருக்கான தனிமை குறைந்துவிடுகிறது.