குடல் கேன்சருக்கு ரத்த டெஸ்ட் எடுக்குறீங்களா, இந்த தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

எங்க பெரியப்பா மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்ட கொண்டு வந்து சிஇஏன்னு (குடல் கேன்சர் இருந்தா ரத்தத்துல ஏறக்கூடிய ஒரு பொருள்) போட்டிருந்த வரிய விரல் வச்சு காட்டினார், 2.1, பக்கத்துலயே 5க்குள்ள இருந்தா நார்மல்னு இருக்கு. "பாத்தியா, கேன்சர்லாம் இல்ல, இது வெறும் மூலம்தான்"னார். ஆறு மாசமா மலத்துல ரத்தம் போயிட்டு இருந்த மனுஷன். அதே ரிப்போர்ட்டோட முதல் பக்கத்துல ஹீமோகுளோபின் 9.2ன்னு ரொம்ப கம்மியா இருந்தத அவரும் பாக்கல நாங்களும் பாக்கல. அப்புறம் கொலனாஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியா கேமரா விட்டு பெருங்குடல பாக்குற டெஸ்ட், பண்ணப்பதான் கட்டி இருக்குறது தெரிஞ்சுது.

தயவுசெஞ்சு இந்த தப்ப பண்ணாதீங்க. சிஇஏங்கறது 1965ல மான்ட்ரியால்ல ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மேனும் கண்டுபிடிச்ச ஒரு புரதம், ஆபரேஷன் ஆனவங்களுக்கு நோய் திரும்ப வருதான்னு பாக்கத்தான் முக்கியமா அத பாக்குறாங்க. ஆரம்ப ஸ்டேஜ்ல நிறைய பேருக்கு அது ஏறவே ஏறாது, அதே சமயம் சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு கேன்சர் இல்லாமலே ஏறி இருக்கும்.

இப்ப எலக்ட்ரானிக் பயோசென்சர் பத்தி நிறைய பேசுறாங்க, ஒரு சொட்டு ரத்தம் போதும்னு. ஐடியா நெஜமாவே நல்ல ஐடியா. வீட்டுல சுகர் பாக்குற ஸ்ட்ரிப்பும் பயோசென்சர்தான், அதுல இருக்குற என்சைம் ரத்தத்துல இருக்குற குளுக்கோஸோட சேரும்போது வர்ற கரண்ட்ட மெஷின் அளக்குது. கேன்சருக்கு என்சைமுக்கு பதிலா தங்கத்து மேலயோ கிராஃபீன்னு சொல்ற ரொம்ப மெல்லிசான கார்பன் படலத்து மேலயோ, தேடுற புரதத்த மட்டும் பிடிச்சுக்குற ஆன்டிபாடிய ஒட்டி வைக்கிறாங்க, அந்த புரதம் வந்து ஒட்டினா கரண்ட் மாறும். ஆனா சுகர் 100ன்னா ஒரு மில்லிலிட்டர் ரத்தத்துல ஒரு மில்லிகிராம், சிஇஏ 5ன்னா வெறும் 5 நானோகிராம், அதாவது ரெண்டு லட்சத்துல ஒரு பங்கு, அதுக்குள்ள ரத்தத்துல இருக்குற மத்த புரதமெல்லாம் சென்சர் மேல போய் அப்பிக்கும். அதனால லேப்ல சுத்தமான கரைசல்ல வேல செஞ்ச சென்சர் ஆஸ்பத்திரி ரத்தத்துலயும் அப்படியே வேல செய்யும்னு நம்பிடாதீங்க. இன்னொண்ணு, சென்சர் எவ்ளோ கூர்மையா இருந்தாலும் ஏறாத சிஇஏவ ஏறினதா காட்ட முடியாது, அதான் ஒரே புரதத்த நம்பாம நாலஞ்ச சேத்து பாக்க ஆராய்ச்சி பண்றாங்க.

அமெரிக்கால 2024 ஜூலைல ஷீல்டுன்னு ஒரு ரத்த டெஸ்டுக்கு அனுமதி குடுத்தாங்க, அது சென்சர் இல்ல, ரத்தத்துல மிதக்குற டிஎன்ஏவ பாக்குற டெஸ்ட். 45 வயசு தாண்டின, அறிகுறி எதுவும் இல்லாத, சாதாரண ரிஸ்க் உள்ளவங்களுக்கு மட்டும்தான். அதோட ஸ்டடில கேன்சர் இருந்தவங்கள்ல 83 சதவீதம் பேர கண்டுபிடிச்சுது, ஆனா கேன்சரா மாறக்கூடிய பெரிய பாலிப் (குடலுக்குள்ள வளர்ற சதை) இருந்தவங்கள்ல வெறும் 13 சதவீதம். பாலிப் கேன்சரா மாற பெரும்பாலும் பத்து வருஷம் கிட்ட ஆகும், கொலனாஸ்கோபில பாத்தா அப்பவே வெட்டி எடுத்துடலாம், நோய் வர்ற வாய்ப்பே ரொம்ப குறைஞ்சிடும். அதனால ரத்த டெஸ்ட் இருக்கேன்னு கொலனாஸ்கோபிய தள்ளிப் போடாதீங்க. பாசிட்டிவ் வந்துட்டா இன்னொரு லேப்ல திரும்ப ரத்தம் குடுத்து நெகட்டிவ் வராதான்னு பாக்குறதும் வேணாம், நேரா கொலனாஸ்கோபிதான்.

முடிக்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடுறவங்க ரத்தம் குடுக்கும்போது சொல்லிடுங்க, சில டெஸ்ட் ரிசல்ட்ட அது மாத்திடும். அப்பா அம்மா கூடப்பிறந்தவங்க யாருக்காவது இந்த கேன்சர் இருந்தா 40 வயசுலயே டாக்டர பாருங்க, அவங்களுக்கு சின்ன வயசுலயே வந்திருந்தா, அவங்களுக்கு வந்த வயசுக்கு பத்து வருஷம் முன்னாடியே.

பெரியப்பா டயர்டா இருக்குன்னு அயர்ன் டானிக் குடிச்சிட்டே இருந்தார். உங்க வீட்டுல ஆம்பளைங்களுக்கோ, மாதவிடாய் நின்ன பொம்பளைங்களுக்கோ ஹீமோகுளோபின் இறங்கினா டானிக் வாங்குறதுக்கு முன்னாடி, ரத்தம் எங்க போகுதுன்னு டாக்டர்கிட்ட கேளுங்க.