ஓய்வூதியம் உள்ள அரசு ஊழியர் தன் முதலீட்டைப் பிரித்து வைப்பது எப்படி?

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே நாள்தோறும் பேருந்தில் வேலைக்குச் சென்றுவரும் இரண்டு அரசு ஊழியர்கள் ஒரே வயதினராகவும் ஒரே சம்பளம் பெறுபவர்களாகவும் இருக்கலாம். ஆயினும் ஒருவர் தமிழ்நாடு அரசுப் பள்ளி ஆசிரியராகவும் மற்றவர் தபால்துறை ஊழியராகவும் இருந்தால், ஓய்வுக்காலப் பணத்தை எங்கே எவ்வளவு வைப்பது என்ற கேள்விக்கு ஒருவருக்குச் சொல்லும் பதில் மற்றவருக்குப் பொருந்தாது. ஆகவே பங்கா, வைப்பு நிதியா என்ற விவாதத்துக்குப் போகும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு.

முதல் படி: உங்கள் திட்டம் எது என்று உறுதிசெய்யுங்கள்

சம்பளப் பட்டியலையும் பணியில் சேர்ந்த தேதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அரசுப் பணியில் 2003 ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பின் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டமான சி.பி.எஸ்.ஸில் சேர்க்கப்பட்டவர்கள். அதில் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் பிடித்தம் செய்யப்படுகிறது; அந்தப் பணத்தை எதில் போடுவது என்று ஊழியர் தேர்ந்தெடுக்க வழியில்லை. மாநிலத்தின் ஓய்வூதிய விதிகள் மாறிவருவதால், இவர்கள் அண்மைய அரசாணையைப் படித்துவிட்டு நேராக மூன்றாம் படிக்குச் செல்லலாம்.

மத்திய அரசின் குடிமைப் பணிகளில் 2004 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் சேர்ந்தவர்களுக்குத் தேசிய ஓய்வூதியத் திட்டம், அதாவது என்.பி.எஸ்., பொருந்தும். ஊழியரின் பங்களிப்பு 10 சதவீதம். அரசின் பங்களிப்பு 2019 ஏப்ரல் முதல் 14 சதவீதம். 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த, மாத ஓய்வூதியத்தை உறுதியளிக்கும் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்துக்கு, அதாவது யு.பி.எஸ்.ஸுக்கு, மாறியவர்களின் கணக்கு வேறு. புதுச்சேரி அரசின் ஊழியர்கள், மத்திய அரசின் எந்த ஆணை தங்களுக்கு எந்தத் தேதியிலிருந்து ஏற்கப்பட்டது என்பதைக் கணக்கு மற்றும் கருவூலத் துறையில் எழுத்துவடிவில் கேட்டுப் பெறுவது நல்லது. சக ஊழியர் சொன்னார் என்பதை நம்பி விண்ணப்பம் எழுதக் கூடாது.

இரண்டாம் படி: ஓய்வூதியத்துக்கு ஒரு விலை போடுங்கள்

பெரும்பாலோர் விட்டுவிடும் படி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். மாதம் 40,000 ரூபாய் ஓய்வூதியம் வருமானால் ஆண்டுக்கு 4.8 லட்சம் ரூபாய். அதே வருமானத்தை 7 சதவீத வட்டி தரும் வைப்பு நிதியிலிருந்து பெற ஏறத்தாழ 68.6 லட்சம் ரூபாய் முதல் வேண்டும். எனவே உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியம் உள்ளவர், கையில் ஒரு ரூபாய்கூட இல்லாவிட்டாலும், அவ்வளவு மதிப்புள்ள அரசுக் கடன்பத்திரத்தை வைத்திருப்பவருக்குச் சமமானவர். அதோடு, மேற்சொன்ன தேதிகளுக்கு முன் சேர்ந்தவர்களுக்கான பழைய ஓய்வூதியத்திலும் யு.பி.எஸ்.ஸிலும் விலைவாசிக்கேற்ப அகவிலை நிவாரணமும் உயர்கிறது. வங்கி வைப்பு நிதியின் வட்டிக்கு அந்த வசதி கிடையாது. இத்தகையவர் மீதமுள்ள சேமிப்பையும் முழுமையாக ஜி.பி.எஃப். (அரசு ஊழியரின் பொது வருங்கால வைப்பு நிதி), பி.பி.எஃப். (யாரும் சேரக்கூடிய பொதுமக்கள் வருங்கால வைப்பு நிதி), அஞ்சலக வைப்பு என்று போட்டுவைப்பது பாதுகாப்பு என்று தோன்றினாலும், அது ஏற்கெனவே இருப்பதையே மறுபடி வாங்குவதாகும் என்பது என் கருத்து.

என்.பி.எஸ்.ஸில் இருப்பவர் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓய்வுபெறும்போது சேர்ந்த தொகையில் குறைந்தது 40 சதவீதத்துக்கு ஆனுயிட்டி, அதாவது மொத்தத் தொகையைக் கொடுத்து மாத வருமானம் பெறும் காப்பீட்டுத் திட்டம், வாங்க வேண்டும். அதில் வரும் மாதத் தொகைக்கு அகவிலை நிவாரணம் இல்லை, தொகை எவ்வளவு என்பதும் அன்றைய ஆனுயிட்டி விகிதத்தைப் பொறுத்ததே. அதனால் இவர் ஓய்வூதியத்துக்கு விலை போடும்போது கைவசமுள்ள தொகையை மட்டுமே எழுத வேண்டும்.

மூன்றாம் படி: எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள்

உதாரணமாக, 38 வயதான ஒருவரிடம் என்.பி.எஸ்.ஸில் 20 லட்சம், பி.பி.எஃப்.இல் 5 லட்சம், வங்கியில் 3 லட்சம் என மொத்தம் 28 லட்சம் ரூபாய் இருப்பதாகக் கொள்வோம். என்.பி.எஸ்.ஸின் இயல்புத் திட்டத்தில், அதாவது ஊழியர் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் பணம் போகும் திட்டத்தில், பங்கின் உச்சவரம்பு நீண்டகாலம் 15 சதவீதமாக இருந்தது. அந்த அளவிலேயே பார்த்தாலும் இவருடைய பங்கு முதலீடு 3 லட்சம்தான். அது மொத்தத்தில் 11 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. ஓய்வுபெற 22 ஆண்டுகள் இருப்பவருக்கு இது மிகக் குறைவு. வீட்டுக்கடன், பிள்ளைகளின் படிப்புச் செலவு, துணைவரின் ஓய்வூதியம் ஆகியவற்றையும் அதே தாளில் சேருங்கள். கணவன், மனைவி இருவரும் அரசுப் பணியில் இருந்தால் இரண்டு தாள்கள் வேண்டாம், ஒன்றே போதும்.

சி.பி.எஸ்.ஸில் இருப்பவர்களின் பிடித்தத் தொகைக்குள் பங்கே இல்லாததால், பங்கு வேண்டுமென்றால் வெளியே, பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் குறியீட்டு மியூச்சுவல் ஃபண்ட் போன்ற எளிய வழியில், தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும்.

நான்காம் படி: விகிதத்தைத் தேர்ந்தெடுங்கள்

என்.பி.எஸ்.ஸில் உள்ள மத்திய அரசு ஊழியர் இயல்புத் திட்டத்திலேயே இருக்கலாம். முழுத் தொகையையும் அரசுக் கடன்பத்திரங்களில் வைக்கலாம். அல்லது வயது ஏற ஏறப் பங்கைத் தானாகக் குறைக்கும் எல்.சி.-25, எல்.சி.-50 ஆகியவற்றுள் ஒன்றை எடுக்கலாம். 2025 அக்டோபரில் எல்.சி.-75 முதலிய கூடுதல் வாய்ப்புகளும் அறிவிக்கப்பட்டன. எல்.சி.-50இல் 35 வயது வரை பங்கு 50 சதவீதம். பிறகு ஆண்டுக்கு 2 சதவீதப் புள்ளிகள் குறைந்து 55 வயதில் 10 சதவீதமாகும். எல்.சி.-25இல் 25 சதவீதத்தில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு புள்ளி குறைந்து 55 வயதில் 5 சதவீதமாகும்.

நமது உதாரண ஊழியருக்கு எல்.சி.-50இல் 44 சதவீதம் பங்கு, என்.பி.எஸ். தொகை முழுவதற்கும் அது பொருந்தினால் 8.8 லட்சம், அதாவது மொத்தத்தில் சுமார் 31 சதவீதம். எனக்கு இது நியாயமாகப் படுகிறது. ஆனால் 47 வயதானவர் கொஞ்சம் துணிந்து பார்ப்போம் என்று எண்ணி எல்.சி.-25ஐ எடுத்தால், அவருக்குக் கிடைப்பது 13 சதவீதம்தான். பெயரிலுள்ள எண்ணைப் பார்க்காமல் உங்கள் வயதுக்குரிய எண்ணைப் பாருங்கள்.

யு.பி.எஸ்.ஸில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உறுதியளிக்கப்பட்ட தொகை முழுமையாகக் கிடைக்க, உங்கள் கணக்கில் சேர்ந்த தொகை இயல்புத் திட்டத்தின் அடிப்படையில் கணக்கிடப்படும் அளவுகோல் தொகைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால் அதை ஈடுகட்ட வேண்டும், இல்லையேல் மாதத் தொகை அந்த விகிதத்தில் குறையும். ஆகவே துணிச்சலை அந்தக் கணக்குக்கு வெளியே வைத்துக்கொள்வதே உத்தமம்.

ஐந்தாம் படி: விண்ணப்பித்து, பின்தொடருங்கள்

உங்கள் ஓய்வூதியக் கணக்கின் 12 இலக்கப் பிரான் எண்ணைக் கொண்டு, கணக்குகளைப் பராமரிக்கும் மத்தியப் பதிவேட்டு நிறுவனத்தின் இணையதளத்தில் நுழைந்தோ அலுவலகத்தின் வழியாகவோ மாற்றக் கோரலாம். முதலீட்டு முறையை நிதியாண்டில் இரண்டு முறையும், நிதி மேலாளரை ஒரு முறையும் மாற்ற அனுமதி உண்டு. மாற்றம் ஏற்கெனவே சேர்ந்த தொகைக்கும் பொருந்துகிறதா என்று சமர்ப்பிக்கும் முன்பே கேளுங்கள். அப்படியே நியமனதாரர் பெயரையும் சரிபார்த்துவிடுங்கள், திருமணத்துக்கு முன் எழுதிய பெயரே பல கணக்குகளில் நிற்கிறது. அடுத்த மாதப் பிடித்தம் கணக்கில் ஏறியதும் அறிக்கையைத் திறந்து, புதிய திட்டத்தின் பெயரில் யூனிட்டுகள் வந்துள்ளனவா என்று பாருங்கள். வரவில்லையென்றால் ஒப்புகை எண்ணுடன் சம்பளம் வழங்கும் அலுவலருக்கு எழுதுங்கள்.