ஏர் பிஸ்டல் பழகறதுக்கு குண்டு வாங்கறப்ப பண்ற தப்புங்க

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல மனு பாக்கர் ஏர் பிஸ்டல்ல மெடல் வாங்குனதுக்கப்பறம் நம்ம கோயமுத்தூர், ஈரோடு பக்கமெல்லாம் பிஸ்டல் பழகோணும்னு பசங்க நெம்பப் பேரு வர்றாங்க, சந்தோசம்தானுங்க. ஆனா குண்டு வாங்கறதுல மட்டும் ரெண்டு கோஷ்டி, ஒண்ணு இருக்கறதுலயே சல்லிசா எது கெடைச்சாலும் போதும்ங்கற கோஷ்டி, இன்னொண்ணு சாம்பியனுங்க போடற டப்பாதான் வேணும்னு காசைக் கொட்டிட்டு அப்பறம் குண்டு தீந்துருமேங்கற பயத்துல எண்ணி எண்ணி சுடற கோஷ்டி. ரெண்டும் தப்புங்க, என்னைக் கேட்டா ரெண்டாவதுதான் பெரிய தப்பு.

ஏன்னு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. 10 மீட்டர் ஏர் பிஸ்டல் டார்கெட்ல 10 வளையத்தோட அகலம் 11.5 மிமீ, குண்டு 4.5 மிமீ. குண்டோட ஓரம் கோட்டைத் தொட்டாலே 10 குடுத்துருவாங்க, அப்ப குண்டோட நடு மையத்துல இருந்து 8 மிமீ எந்தப் பக்கம் தள்ளி விழுந்தாலும் 10 தான். இதே இளவேனில் வாலறிவன் சுடற ஏர் ரைஃபிளா இருந்தா அந்த 10 வெறும் 0.5 மிமீ புள்ளி, 2.5 மிமீக்கு மேல தள்ளுனா போச்சு. அதனால ரைஃபிள்காரங்க குண்டோட தலை அகலம் 4.49 மிமீயா 4.50 மிமீயான்னு டப்பா டப்பாவா மண்டைய ஒடைச்சுக்கறதுல ஞாயம் இருக்குது, அதையே கேட்டுட்டு வந்து பிஸ்டலுக்கும் அதே வெசனம் படறதுல ஒண்ணுமில்லைங்க. பழகற பையனுக்குக் கை ஆடற ஆட்டமே அஞ்சாறு சென்டிமீட்டர் வரும், அதுக்குள்ள குண்டோட வித்தியாசம் எங்க தெரியப்போகுது. (ஃபைனல்ல 10.1, 10.2ன்னு தசமத்துல எண்ணுவாங்க, அது அங்க போறப்ப பாத்துக்கலாம்.)

அதுக்காக ஊசி மூக்கு குண்டு வாங்கிட்டு வந்துராதீங்க. கடைக்காரரு "இதுதான் தம்பி நல்லா ஏறும்"பாரு, நமக்கு ஏறி என்னத்துக்கு, பேப்பர்ல ஓட்டை சுத்தமா விழோணும். ஊசி மூக்கும் உருண்டை மூக்கும் பேப்பரைக் கிழிச்சுட்டுப் போயிரும், அது 9 ஆ 10 ஆன்னு பாத்துட்டே இருக்கோணும். தட்டை மூக்கு குண்டுதான், வாட்கட்டர்னு கேளுங்க, பஞ்சிங் மெஷின்ல போட்ட மாதிரி வட்டமா வெட்டும். எடை 0.45 கிராம்ல இருந்து 0.53 வரைக்கும் வருது, பிஸ்டலுக்குன்னு வர்றது பெரும்பாலும் 0.45. ஆர்டபிள்யூஎஸ், எச் அண்ட் என் மாதிரி கம்பெனில மேட்ச் டப்பாவுக்குக் கீழ பழகறதுக்குன்னே ஒரு வகை வருது, அது தாராளமா போதும். 500 குண்டு டப்பா ஒண்ணு வாங்குனா 60 ஷாட் முழு மேட்ச் எட்டு தடவை சுடலாம், அப்பறமும் கொஞ்சம் மிச்சம் நிக்கும். எஃகு குண்டுப் பக்கம் மட்டும் போயிராதீங்க, உள்ள வரி போட்ட பேரல் கெட்டுரும், அதுவுமில்லாம தெறிச்சுத் திரும்பி வரும், கண்ணு பத்திரம்.

சல்லிசா வாங்குன குண்டு சரியா இருக்குதான்னு எப்புடிப் பாக்கறது? டப்பாவத் தொறந்து ஒரு அம்பது குண்டை கண்ணாடி மேல கொட்டி ஒவ்வொண்ணா விரல்ல தள்ளி உருட்டுங்க. தலையும் பின்னாடி பாவாடையும் ஒரே அளவு இல்லீங்களா, அதனால நல்ல குண்டு நேரா ஓடாம வளைஞ்சு அழகா ஒரு வட்டம் போடும். பாவாடை நசுங்குனது தத்தித் தத்திப் போயி நின்னுக்கும். அதை எடுத்து ஓரமா வெச்சுருங்க. அம்பதுல ஒண்ணு ரெண்டுன்னா பரவால்ல, ஏழெட்டு வந்தா அந்த வகையே வேண்டாம். இதுல பாதி கம்பெனி தப்பு இல்லைங்க, டப்பாவ வண்டி டிக்கில போட்டுட்டு ஈரோட்டுல இருந்து கோயமுத்தூர் வரைக்கும் லொடலொடன்னு வந்தா ஈயம் நசுங்காம என்ன பண்ணும், டப்பாக்குள்ள ஸ்பாஞ்சு வெச்சுருந்தா அதைத் தூக்கிப் போடாதீங்க.

அப்பறம் ஒரே ஒரு குரூப், அதாவது ஒரே பேப்பர்ல நாலஞ்சு ஷாட், சுட்டுட்டு "இந்த குண்டு சரியில்ல"ன்னு முடிவு பண்றது. கைல புடிச்சு சுட்டா அது உங்களுக்கு டெஸ்டு, குண்டுக்கு இல்ல. கோச்சுகிட்ட சொல்லி, புடியை ரப்பர் சுத்தி வைஸ்ல வெச்சு, பேரலை இறுக்காம, அஞ்சஞ்சா நாலு பேப்பர் சுடுங்க. வெளி ஓரத்துல இருந்து வெளி ஓரம் வெர்னியர்ல அளந்து அதுல 4.5 கழிச்சா குரூப் அளவு வந்துரும். கோயமுத்தூர்க்காரங்க வெர்னியருக்கு எங்க போறதுன்னு கேக்க மாட்டீங்க. 8 மிமீக்குள்ள நின்னா கண்ண மூடிட்டு வாங்கலாம். வாங்கறப்ப டப்பா மேல போட்டுருக்கற பேட்ச் நம்பரைப் பாத்து அதே நம்பர்ல நாலஞ்சு டப்பா ஒட்டுக்கா வாங்கிருங்க, அடுத்த பேட்ச் கொஞ்சம் மாறி வரலாம்.

பொள்ளாச்சி, பல்லடம் பக்கம் தோட்டத்துச் சாளைல பழகறவங்களுக்கு ஒண்ணு. ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கறப்ப அரை கிராம் குண்டு செகண்டுக்கு 150 மீட்டர் வேகத்துல போயிட்டிருக்குது, அது தள்ளத்தான் செய்யும், கையும் சேந்து ஆடும். அந்த மாசத்துல குண்டை மாத்தாதீங்க, நாலு செவுத்துக்குள்ள போங்க.

காத்துல சுடறதை விட்டு தோட்டா போடற .22 பிஸ்டலுக்குப் போனவங்களுக்கும் கணக்கு அதேதான், 25 மீட்டர் பிரிசிஷன் டார்கெட்ல 10 வளையம் 50 மிமீ. இங்க பண்ற தப்பு ஹை வெலாசிட்டி வாங்கறது. டார்கெட் பிஸ்டலோட ஸ்பிரிங்கெல்லாம் ஸ்டாண்டர்டு வெலாசிட்டிக்கு, அதாவது 40 கிரெய்ன் (2.6 கிராம்) குண்டு சத்தத்தோட வேகத்துக்குக் கொஞ்சம் கீழ போறதுக்கு செட் பண்ணது. அதுக்கு மேல போனா ஒதை ஜாஸ்தி, வேகமா அடுத்தடுத்து சுடற ரேபிட்ல அடுத்த ஷாட்டுக்குக் கை திரும்பறதுக்குள்ள நேரம் போயிரும். பிராண்டு மாத்துனா மொத பத்து இருபது ஷாட்டைக் கணக்குல சேக்காதீங்க, குண்டு மேல பூசியிருக்கற புது மெழுகு பேரல்ல படியோணும். .22ல பத்த வெக்கற மருந்து தோட்டாவோட அடி விளிம்புல இருக்கறதால ரொம்ப சல்லிசுப் பெட்டில சிலது வெடிக்காம நிக்கும், ஒடனே தொறந்து பாக்காம டார்கெட் பக்கமே புடிச்சுட்டு 30 செகண்டு நில்லுங்க. தோட்டா கிளப் மூலமா, இல்லாட்டி லைசென்ஸ்ல எழுதியிருக்கற எண்ணிக்கைக்குள்ளதான், "மிச்சம் இருக்குது மாப்ள, எடுத்துக்க"ன்னு யாரு குடுத்தாலும் தொடாதீங்க, 1959 ஆயுதச் சட்டத்துல அது குத்தம்.

குண்டை ஜீன்ஸ் பாக்கெட்ல போடறதையும் விட்ருங்க, அதுல இருக்கற மண்ணு பேரலுக்குள்ள போகும். எல்லாம் ஈயம்ங்க, சுட்டு முடிச்சு கைய சோப்புப் போட்டுக் கழுவாம கேண்டீன் பக்கம் போகவேண்டாம், சின்னப் பசங்க குண்டை வாயில கவ்விட்டு நிக்கறதைப் பாத்தா அங்கயே சத்தம் போட்ருங்க.