பல வயதினர் கூடி ஆடும் உள்ளரங்க விளையாட்டுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆறு வயதுக் குழந்தையும் பதினாறு வயது மாணவியும் எழுபது வயது மூத்தவரும் ஒரே அறையில் கூடியிருக்கும்போது அனைவருக்கும் பொருந்தும் ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுப்பது எளிய காரியமன்று. ஏற்பாடு செய்பவர் பெரும்பாலும் தம் வயதொத்தவர்களுக்குப் பிடித்த ஆட்டத்தையே தொடங்குகிறார். சற்று நேரத்தில் குழந்தைகள் சிணுங்குகிறார்கள். மூத்தவர்கள் "நீங்கள் ஆடுங்கள், நாங்கள் பார்க்கிறோம்" என்று நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொள்கிறார்கள். அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்வது பெரும்பாலும் பிழை. தமக்கு அந்த ஆட்டத்தில் இடமில்லை என்று உணர்ந்தவர் பிறர் மனம் நோகாமல் ஒதுங்கிக்கொள்ளும் முறை அது. ஆகவே ஓர் ஆட்டம் நன்றாக நடந்ததா என்பதை அறையில் எழுந்த ஆரவாரத்தைக் கொண்டு மதிப்பிடாமல், வந்திருந்த ஒவ்வொருவரும் எத்தனை நிமிடம் உண்மையில் ஆடினார், எத்தனை நிமிடம் வெறுமனே காத்திருந்தார் என்ற கணக்கைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வழக்கமாக நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கைப் பார்க்காததால் வருபவை.

தோற்றவரை வெளியே அனுப்பும் ஆட்டங்கள்

இசை நாற்காலியை எடுத்துக்கொள்வோம். 15 பேர், 14 நாற்காலிகள் என்று தொடங்கினால் வெற்றியாளரை அறிய 14 சுற்றுகள் தேவைப்படும். ஒரு சுற்றுக்கு ஒன்றரை நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 21 நிமிடங்கள். முதல் சுற்றிலேயே இடம் பிடிக்காதவர் அதில் ஏறத்தாழ 20 நிமிடங்கள் சுவரோரம் நின்று வேடிக்கை பார்க்கிறார். கடைசிச் சுற்றில் ஆடுபவர்கள் இருவர், பார்ப்பவர்கள் பதின்மூவர். முதலில் வெளியேறுபவர்கள் யார் என்று பார்த்தால் வருத்தம் இன்னும் கூடுகிறது. கூச்சமுள்ள சிறுவர், மூட்டு வலியுள்ள மூத்தவர், ஆட்டத்தின் போக்கு இன்னும் பிடிபடாதவர் ஆகியோரே முதலில் நீங்குகிறார்கள். யாரை முயன்று உள்ளே அழைத்துவர வேண்டுமோ அவர்களையே விதிமுறை முதலில் கழித்துவிடுகிறது.

இதற்குத் தீர்வு ஆட்டத்தைக் கைவிடுவதன்று, விதியை மாற்றுவதுதான். தோற்றவர் ஒரே ஒரு சுற்று மட்டும் வெளியே நின்று இசையை நிறுத்தும் பொறுப்பை ஏற்று, அடுத்த சுற்றில் திரும்பி வரலாம். அல்லது ஆட்களைக் குறைக்காமல் இடத்தை மட்டும் குறைத்துக்கொண்டே போகலாம்: நாற்காலிகளை அகற்றிவிட்டு வழுக்காத சிறு பாய்களைத் தரையில் இட்டு, இசை நிற்கும்போது எல்லோரும் ஏதேனும் ஒரு பாயில் ஒரு பாதத்தையாவது வைத்திருக்க வேண்டும் என்று விதித்தால், பாய்கள் குறையக் குறைய ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்துக்கொள்ளும் கூட்டு முயற்சியாக அது மாறிவிடுகிறது. நடமாட இயலாதவர்கள் பலர் இருந்தால் வட்டமாக உட்கார்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல உறைகள் சுற்றிய பொட்டலத்தைக் கைமாற்றும் ஆட்டம் மேலும் பொருத்தமானது. அதில் இசை நின்றபோது பொட்டலத்தை வைத்திருப்பவர் ஓர் உறையைப் பிரிக்கிறார், வெளியேறுவதில்லை. இங்கும் ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது. வட்டத்தில் 12 பேர் இருக்கப் பொட்டலத்துக்கு ஆறு உறைகளை மட்டும் சுற்றிவைத்தால் பாதிப் பேருக்கு வாய்ப்பே கிடைக்காது. உறைகளின் எண்ணிக்கை ஆட்களின் எண்ணிக்கைக்குக் குறையாமலும், இசையை இயக்குபவர் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் ஒருமுறையேனும் நிறுத்துபவராகவும் இருக்க வேண்டும்.

மாஃபியா ஆட்டத்திலும் இதே குறை உண்டு. அதில் ரகசியமாக மாஃபியாவாக நியமிக்கப்பட்ட சிலர், எல்லோரும் கண்மூடியிருக்கும் "இரவில்" ஒருவரை நீக்குவார்கள்; அவர்கள் யாரென்று மற்றவர்கள் பேசிக் கண்டுபிடிக்க வேண்டும். 1986இல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் உளவியல் மாணவராக இருந்த திமித்ரி டவிடோவ் உருவாக்கிய இந்த ஆட்டம் இளைஞர்களுக்கு மிகச் சிறந்தது. ஆனால் முதல் "இரவிலேயே" நீக்கப்பட்டவர் முடிவு தெரியும்வரை வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பல வயதினர் கலந்த கூட்டத்தில் இதை ஆடியே தீர வேண்டுமென்றால், நீக்கப்பட்டவர்களை ஆட்டத்தை நடத்துபவரின் உதவியாளர்களாக்கி ரகசியங்கள் அனைத்தையும் அவர்களுக்குச் சொல்லிவிடலாம். எல்லாம் தெரிந்தவராக உட்கார்ந்து பார்ப்பதில் ஒரு தனிச் சுவை இருக்கிறது.

ஒரே வட்டத்தில் எல்லோரையும் உட்கார வைப்பது

யாரும் வெளியேறாத ஆட்டங்களிலும் காத்திருப்பு ஒளிந்திருக்கிறது. டம்ப் ஷராட்ஸ் எனப்படும் ஊமை நடிப்பை 20 பேர் இரு அணிகளாகப் பிரிந்து ஆடினால், ஒருவர் நடிக்க இரண்டு நிமிடம் என்று கொண்டாலும், ஒவ்வொருவருக்கும் நடிக்கும் வாய்ப்பு 40 நிமிடங்களுக்கு ஒருமுறைதான் வரும். கண்டுபிடிக்கும் நேரத்திலும் குரல் உரத்த இருவர் மூவரே பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இதற்குப் பதிலாக நால்வர் அல்லது ஐவர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரித்து, நடத்துபவர் அறையின் நடுவில் சொற்பட்டியலுடன் அமர்ந்துகொள்ளலாம். ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் வந்து முதல் சொல்லைக் காதில் கேட்டுச் சென்று தம் குழுவுக்கு நடித்துக் காட்டுகிறார்; சரியாகச் சொன்னவர் அடுத்த சொல்லுக்கு வருகிறார். எல்லாக் குழுக்களும் ஒரே நேரத்தில் ஆடுவதால் அறையில் சும்மா இருப்பவர் ஒருவரும் இல்லை. நடக்கச் சிரமப்படுபவருக்கு அவர் குழுவின் சிறுவர் ஒருவர் சொல்லைச் சீட்டில் வாங்கிவந்து கொடுக்கலாம்.

பெட்டியில் வரும் ஆட்டங்களுக்கும் இது பொருந்தும். ஊனோ என்ற சீட்டாட்டத்தை 2 முதல் 10 பேர் வரை ஆடலாம் என்று அதன் விதி அனுமதிக்கிறது. எனினும் பத்துப் பேர் ஒரே மேசையில் அமர்ந்தால் முறை திரும்பி வருவதற்குள் குழந்தையின் கவனம் எங்கோ போய்விடும். இரண்டு சீட்டுக்கட்டுகளும் இரண்டு மேசைகளும் இருந்தால் இச்சிக்கல் எழாது. கோபுரத்திலிருந்து கட்டைகளை ஒவ்வொன்றாக உருவி எடுக்கும் ஜெங்காவில் மூன்று மூன்றாக 18 அடுக்குகளில் 54 கட்டைகள் உள்ளன. பன்னிருவர் சூழ்ந்து நின்றால், கோபுரம் சரிவதற்குள் ஒரு கட்டையைக்கூடத் தொடாதவர்கள் சிலர் இருப்பார்கள்.

வயதின் இயல்பை மறந்துவிடுவது

குழந்தையால் முடியாததைக் கேட்டுவிட்டு, அது ஒத்துழைக்கவில்லை என்று சொல்வது நியாயமாகாது. தனக்குத் தெரிந்த ஒன்று மற்றவருக்குத் தெரியாமல் இருக்கக்கூடும், அவர் தவறாக நம்பிக்கொண்டிருக்கவும் கூடும் என்ற புரிதல் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஏறத்தாழ நான்கு வயதில்தான் அமைகிறது. அதற்கு முன் ரகசியத்தைக் காப்பதும் பொய்யாக நடித்து ஏமாற்றுவதும் அவர்களுக்கு மிகக் கடினம். ஐந்து, ஆறு வயதிலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும். அவ்வயதினரை மாஃபியா போன்ற ஆட்டங்களில் தனியாக நிறுத்தாமல் ஒரு பெரியவரோடு இணைத்து ஒரே ஆளாகக் கருதுவது நல்லது.

மூத்தவர்கள் தரப்பில் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போவது செவித்திறன். வயது கூடும்போது முதலில் மங்குவது உயர் அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் திறன். கிசுகிசுப்பான பேச்சைப் புரிந்துகொள்ள அந்த ஒலிகளே பெரிதும் தேவை. காதோடு காதாகச் செய்தியைக் கடத்தும் ஆட்டத்தில் செய்தி மூத்தவரிடம் வந்து சிதையும்போது அறை சிரிக்கிறது; அவருக்கோ அந்தச் சிரிப்பு தம் குறையைப் பார்த்து எழுந்ததாகவே படுகிறது. இதையே படத்தால் ஆடலாம். முதலில் இருப்பவர் ஒரு வாக்கியம் எழுத, அடுத்தவர் அதைப் படமாக வரைய, அதற்கடுத்தவர் படத்தை மட்டும் பார்த்து வாக்கியமாக்க, தாள் இப்படியே மடித்து மடித்துக் கைமாறிச் செல்கிறது. சிதைவு அதே அளவு வேடிக்கையாக இருக்கும். ஆனால் சிதைத்தது யாருடைய காது என்ற கேள்விக்கு இடமில்லை. ஆளுக்கொரு தாள் கொடுத்துவிட்டால் காத்திருப்பும் இல்லை.

கண்ணும் இப்படித்தான். நாற்பதைக் கடந்தவர்களுக்கு அருகிலுள்ள சிற்றெழுத்து மங்கத் தொடங்குகிறது. சீட்டுகளைப் பெரிய எழுத்தில் கறுப்பு மையால் எழுதுவதற்குக் கூடுதல் செலவு ஏதுமில்லை. வண்ணத்தை மட்டும் வைத்து அணிகளையோ காய்களையோ வேறுபடுத்துவதையும் தவிர்க்க வேண்டும். ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது கடினம். அவர்களில் பலர் அதை வெளியில் சொல்வதில்லை. வண்ணத்தோடு ஒரு வடிவத்தையும் குறித்துவிட்டால் போதும்.

நினைவாற்றல் ஆட்டத்தில் தட்டு நிறையப் பொருள்களை வைத்துத் துணியால் மூடிவிட்டு ஒவ்வொருவரையும் தனித்தனியாக எழுதச் சொல்வதும் வீண் வேதனை. வளர்ந்தவர் ஒருவர் ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்தக்கூடியவை ஏறத்தாழ ஏழு, அதற்கு இரண்டு கூடவோ குறையவோ இருக்கலாம் என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். சிறுவர்களுக்கு அது இன்னும் குறைவு. 20 பொருள்களை வைத்து மூன்று தலைமுறையினர் கலந்த குழுவாக எழுத விட்டால், ஒருவர் விட்டதை மற்றவர் பிடித்து, பட்டியல் பெரும்பாலும் நிறைந்துவிடும். தட்டின் ஓரத்தில் இருந்த சிறு பொத்தானை நினைவுபடுத்துபவர் குழுவிலேயே சிறியவராக இருப்பது அரிதன்று.

வினாடிவினாவில் கேள்விகள் அனைத்தும் ஒரே காலத்தைச் சேர்ந்தவையாக இருந்தால் ஒரு தலைமுறை மட்டுமே ஆடும். இருபது கேள்வி ஆட்டம் இதற்கு நல்ல மாற்று. ஆம், இல்லை என்று மட்டுமே பதில் பெறும் 20 கேள்விகளால், ஒவ்வொரு கேள்வியும் எஞ்சியவற்றைச் சரிபாதியாகப் பிரிக்குமானால், 10,48,576 பொருள்களிலிருந்து ஒன்றைக் கண்டுபிடித்துவிடலாம். சிறுவர்கள் எடுத்த எடுப்பிலேயே "அது யானையா?" என்று கேட்டுக் கேள்விகளைச் செலவழிப்பார்கள், "உயிருள்ளதா?", "இந்த அறைக்குள் அடங்குமா?" என்று பக்கத்தில் இருக்கும் மூத்தவர் கேட்பதைக் கவனித்து, நான்காவது ஆட்டத்துக்குள் தாமும் அவ்வாறு கேட்கத் தொடங்குவதைக் காண்பது பெரும் மகிழ்ச்சி.

வேண்டுமென்றே தோற்றுக்கொடுப்பது

குழந்தை அழக்கூடாது என்பதற்காகப் பெரியவர்கள் தெரியாததுபோல் நடித்துத் தோற்பார்கள். பள்ளி செல்லும் வயதுக் குழந்தை இதை விரைவில் கண்டுகொள்ளும். கண்டுகொண்டபின் அந்த வெற்றிக்கு அதனிடம் மதிப்பில்லை. திறன் வேறுபாட்டை மறைக்காமல் விதியிலேயே ஈடுசெய்வதுதான் நேர்மையான வழி. கோல்ஃபில் வலுக்குறைந்த ஆட்டக்காரருக்கு அடிகளில் சலுகை உண்டு. சதுரங்கத்தில் வல்லவர் ஒரு காயை எடுத்துவிட்டு ஆடும் பழக்கம் நெடுங்காலமாக இருந்துவருகிறது. அதுபோல, வரைந்து கண்டுபிடிக்கும் ஆட்டத்தில் பெரியவர்களுக்கு ஒரு நிமிடமும் சிறுவர்களுக்கு இரண்டு நிமிடமும் தரலாம். ஜெங்காவில் பெரியவர்கள் பழக்கமில்லாத கையால் எடுக்கலாம். இவற்றை ஆட்டம் தொடங்கும் முன் எல்லோரும் கேட்க அறிவித்துவிட்டு, அதன்பின் ஒருவரும் விட்டுக்கொடுக்காமல் முழு முயற்சியுடன் ஆட வேண்டும். அதிர்ஷ்டத்தை மட்டும் நம்பும் ஆட்டங்களில் இந்தச் சிக்கலே இல்லை. 1 முதல் 90 வரையிலான எண்களை வைத்து ஆடும் தம்போலாவில் ஒவ்வொரு சீட்டிலும் 15 எண்கள் உள்ளன. இரண்டிலக்க எண்களை அடையாளம் காணும் குழந்தைக்கும் பேராசிரியருக்கும் வாய்ப்பு ஒன்றே. எண்களை வாயால் அழைப்பதோடு பலகையிலும் எழுதிக்காட்டினால் காது மந்தமானவரும் பின்தங்கமாட்டார்.

அணி பிரிக்கும் முறையும் விதிகளும்

இரண்டு தலைவர்களை நிறுத்தி ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பழக்கத்தை முற்றிலும் விட்டுவிட வேண்டும். கடைசியாக நிற்பவருக்கு ஆட்டம் தொடங்கும் முன்பே தோல்வி அறிவிக்கப்பட்டுவிடுகிறது. வயதுவாரியாகச் சிறுவர், நடுவயதினர், மூத்தவர் என மூன்று கிண்ணங்களில் பெயர்ச்சீட்டுகளைப் போட்டு ஒவ்வொன்றிலிருந்தும் மாறி மாறி எடுத்தால் அணிகள் தாமாகவே கலந்துவிடும்.

விதிகளை நீளமாக விளக்குவதைவிடக் கணக்கில் சேராத ஒரு சுற்றை ஆடிக்காட்டுவது பலமடங்கு தெளிவு தரும். ஏற்கெனவே தெரிந்த ஆட்டமென்றாலும் வீட்டுக்கு வீடு விதி மாறும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஊனோவில் அடுத்தவரைக் கூடுதல் சீட்டுகள் எடுக்கவைக்கும் ஒரு கூட்டல் அட்டையின்மேல் இன்னொன்றை அடுக்கித் தண்டனையை அடுத்தவருக்குத் தள்ள முடியாது என்று மேட்டல் நிறுவனம் 2019இல் தெளிவுபடுத்தியபோது, அதுவரை அப்படியே ஆடிவந்த பலர் ஏற்க மறுத்தார்கள். இத்தகைய விதிகளைச் சீட்டுப் பகிர்வதற்கு முன்பே பேசி முடிவுசெய்துவிட்டால் நடுவில் எழும் சச்சரவு பாதியாகக் குறையும்.

பாதுகாப்பு

மழலைகள் இருக்கும் அறையில் பலூன் உடைக்கும் ஆட்டத்தை வைக்கக்கூடாது. உடைந்த ரப்பர்த் துண்டு தொண்டையில் ஒட்டிக்கொண்டு மூச்சை அடைத்துவிடும். ஊதாத பலூனும் உடைந்த துண்டும் 8 வயதுக்குட்பட்டோருக்கு ஆபத்து என்ற எச்சரிக்கை ஐக்கிய அமெரிக்காவில் பலூன் உறைகளில் சட்டப்படி கட்டாயம். பொம்மைப் பாதுகாப்புச் சோதனையில், 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளைக்குள் முழுதாக அடங்கும் பொருள் 3 வயதுக்குட்பட்டோருக்கு ஏற்றதன்று எனத் தள்ளப்படுகிறது. பகடை, கோலிக்குண்டு, பொத்தான் ஆகிய அனைத்தும் அந்த வரம்புக்குள் வருபவை. ஆட்டம் முடிந்ததும் அவற்றை எண்ணி எடுத்துவைக்க ஒருவரை நியமிக்க வேண்டும்.

உயிர்போகும் அளவுக்கு விழுந்து அடிபடுபவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே மிகுதி என்று உலக நலவாழ்வு அமைப்பு கூறுகிறது. காலுறையோடு வழவழப்பான தரையில் ஓடுவது, விளிம்பு மடங்கிய விரிப்பு, கால்வழியில் கிடக்கும் மின்கம்பி ஆகியவற்றை முன்கூட்டியே நீக்குங்கள். கண்ணைக் கட்டி ஆடும் ஆட்டங்களில் தேடுபவர் நின்ற இடத்திலேயே இருக்க, மற்றவர்கள் ஒவ்வொருவராக அருகில் வந்து குரலை மாற்றிப் பேச, யாரென்று அவர் கண்டுபிடிக்கும்படி மாற்றினால் மோதலும் தடுமாற்றமும் இல்லை.

உடலைப் போலவே மனத்தையும் காக்க வேண்டும். கேட்டதற்கு உண்மையைச் சொல்லவோ சொன்னதைத் துணிந்து செய்யவோ வேண்டிய 'உண்மையா துணிவா' போன்ற ஆட்டங்கள் பாட்டிக்கும் பேரனுக்கும் முன்னால் ஒருவரைத் தர்மசங்கடத்தில் நிறுத்திவிடும். எந்தக் கேள்வியையும் காரணம் கூறாமல் தவிர்க்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்று தொடக்கத்திலேயே அறிவியுங்கள். ஆட விரும்பாதவரைக் கையைப் பிடித்து இழுக்காமல், மதிப்பெண் எழுதுவது, மணியடிப்பது போன்ற வேலையைக் கொடுத்துப் பாருங்கள். அனுமதியின்றிப் படம்பிடிப்பதும் கூடாது.

நேரத்தைப் பொறுத்தவரை, தாமதமாக வருபவரும் இடையில் சேரக்கூடிய ஆட்டத்தை முதலிலும், ஓட்டமும் கூச்சலும் மிகுந்ததை நடுவிலும், உட்கார்ந்து ஆடுவதை இறுதியிலும் வைப்பது பொருத்தம். குழந்தைகள் களைத்தபின் தொடங்கும் ஆட்டம் கண்ணீரில் முடியும் என்பதால், இன்னும் ஒரு சுற்று வேண்டும் என்று அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சீட்டுகளையும் காய்களையும் பெட்டிக்குள் எடுத்துவைக்கத் தொடங்கிவிடுங்கள்.