ஷட்டரை மதுரையில் அடிக்கக் கொடுக்கலாமா?

கீழக்கரை, மண்டபம் பக்கம் மாடுலர் கிச்சன் வேலை எடுப்பவர்கள், ஷட்டரையும் (அலமாரிக் கதவு) பெட்டியையும் மதுரையில் மெஷினில் வெட்டி வாங்கலாமா என்று யோசிக்கும்போது பெரும்பாலும் ஆசாரி கூலியை மட்டும் கழித்துப் பார்க்கிறார்கள். வண்டி வாடகையைச் சேருங்கள். அளவு தப்பினால் ஒற்றைக் கதவுக்காகக் காத்திருக்கும் நாட்களையும், அதுவரை கைக்கு வராத கடைசித் தவணையையும் சேருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, ஷட்டரை வெளியே கொடுப்பதே நல்லது என்பேன். நம் உப்புக்காற்றில் பிளைவுட் ஊதத் தொடங்குவது ஓரத்தில்தான். அந்த ஓரத்தை மூடக் கையால் பசை தடவி ஒட்டிய பட்டை சீக்கிரம் வாய் பிளக்கும். மெஷினில் சூடாக அழுத்தி ஒட்டியது கூடுதலாகத் தாங்கும். 35 மி.மீ. கீல் குழிக்குள்ளும் ஈரம் புகாமல் சீலர் அடிக்கச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் பல இடங்களில் செய்ய மாட்டார்கள். சிங்க் அடிப் பெட்டிக்கு ஐ.எஸ். 710 (மரைன் பிளைவுட் தரம்) முத்திரை உள்ள பலகை என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.

மூலைப் பெட்டி, சுவர் இடைவெளியை மூடும் ஃபில்லர் பட்டி இரண்டும் நம் பட்டறையிலேயே இருக்கட்டும். பழைய வீட்டுச் சுவர் எங்கே நேராக நிற்கிறது? இடத்தில் வைத்து இழைத்துத்தான் சேர்க்க வேண்டும்.

அப்புறம், முதல் ஆர்டராக முழுக் கிச்சனையும் தூக்கிக் கொடுக்காதீர்கள். லாஃப்ட் கதவுகள் மட்டும் போதும்.