பருத்தித்துறை - தலைமன்னார்: பிளேனில அரை மணித்தியாலம் எண்டு காட்டும், நம்பாதேங்கோ

லீவுக்கு ஊருக்குப் போற கனபேர் பருத்தித்துறையில சொந்தக்காரரைப் பாத்துப்போட்டு அப்பிடியே திருக்கேதீஸ்வரம், மன்னார், தலைமன்னார் எல்லாத்தையும் ஒரே நாளில முடிச்சிட்டுத் திரும்பலாம் எண்டு இங்க வெளிநாட்டில இருந்தே பிளான் போடினம். எல்லாம் இந்தத் தூரம் பாக்கிற வெப்சைட்டுகள் செய்யிற வேலை. ரெண்டு ஊரையும் அடிச்சால் நேர்கோட்டில நூறு கிலோமீற்றருக்குள்ளதான் வரும், கீழ பிளைட் டைம் எண்டு அரை மணித்தியாலம் மாதிரி ஏதோ ஒண்டையும் போட்டு வைப்பாங்கள். எந்த பிளைட்? தலைமன்னாரில எயார்போர்ட்டே இல்லை, பருத்தித்துறைக்காரருக்குக் கிட்ட இருக்கிறது பலாலி, அங்க இருந்தும் மன்னார்ப் பக்கம் ஒரு பிளேனும் ஓடிறேல்லை. சென்னையில ஏறினா ஒண்டேகால் மணித்தியாலம் மட்டில பலாலியில இறங்கலாம், பருத்தித்துறையில இருந்து தலைமன்னாருக்கு வான் பிடிச்சு ரோட்டால போக நாலு மணித்தியாலம் வையுங்கோ!

ரோட்டால 170, 180 கிலோமீற்றர் வரும். ஏன் இவ்வளவு கூடுது எண்டால் நடுவில கடல்நீரேரி கிடக்குது. நல்ல காலம், 2011ல சங்குப்பிட்டிப் பாலம் திறந்தாங்கள். முந்தி அந்த இடத்தில பாதை எண்டு சொல்லுற மிதவைப் படகுதான் ஓடினது, சண்டைக் காலத்தில அதுவும் இல்லை, பிறகு ஏ9 கண்டி ரோட்டு திறந்தும் மன்னாருக்குப் போறதெண்டால் வவுனியாவுக்கு இறங்கித்தான் சுத்தவேணும். இப்ப நாவற்குழியில திரும்பி ஏ32 மன்னார் ரோட்டைப் பிடிச்சு பாலத்தைத் தாண்டினா பூநகரி, நாச்சிக்குடா, வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு எண்டு நேர மன்னார்தான். சாவகச்சேரிப் பக்கத்தால வந்து தனங்கிளப்புக்கு இறங்கினா யாழ்ப்பாண ரவுணுக்குள்ள மாட்டுப்படவும் தேவையில்லை.

பூநகரி தாண்டினாப் பிறகு நல்ல ரோட்டு, ஆனா கடை தண்ணி குறைவு. தண்ணிப் போத்தல், பிள்ளையளுக்குச் சாப்பாடு, பெற்றோல் எல்லாத்தையும் சாவகச்சேரியிலயே பாத்துக்கொள்ளுங்கோ. பின்னேரம் இருட்டினா மாடுகள் வந்து தார் ரோட்டில படுத்திடும், லைட் அடிச்சாலும் எழும்பாது, ஹோர்ன் அடிச்சாலும் எழும்பாது, ட்ரைவர்தான் இறங்கிக் கலைக்கோணும். அதால இரவோட இரவா திரும்புற கதையை விட்டிட்டு மன்னாரில ஒரு இரவு நில்லுங்கோ.

பஸ்ஸில எண்டால் பருத்தித்துறையில 750ஆம் நம்பர் பஸ் ஏறி யாழ்ப்பாணம், அங்க மன்னார் பஸ், பிறகு மன்னாரில தலைமன்னார் பஸ். ஏற முதல் பூநகரியால போறதோ எண்டு ஒருக்காக் கேளுங்கோ. ரயில் யோசிக்கவே வேண்டாம், தலைமன்னார்க் கோச்சி மதவாச்சிக்குத்தான் போகும், அங்க மாறித் திரும்ப வடக்க வரோணும்.

ஆகஸ்ட் 15 மடு மாதா திருவிழா. அந்தக் கிழமையில மன்னார்ப் பக்கம் ரூமும் கிடையாது, வானும் கிடையாது, நேரத்தோட புக் பண்ணுங்கோ.

வான் பிடிக்கேக்க நாள் கணக்கோ கிலோமீற்றர் கணக்கோ எண்டு தெளிவாக் கேளுங்கோ. வெளிநாட்டுக்காரர் எண்டு தெரிஞ்சா ரேட் கொஞ்சம் ஏறும்தான், ஊர்ச் சொந்தக்காரர் ஆரையும் கொண்டு பேசுவியுங்கோ. இரவு நிக்கிறதெண்டால் ட்ரைவற்ற சாப்பாடும் படுக்கையும் ஆற்ற செலவு எண்டதையும் வெளிக்கிட முதலே பேசி முடிச்சிடுங்கோ.